தங்கூசியில் ஒரு சுரமானி: ஒரே பாரம், இரண்டு சுருதி

மகள் கேட்டதில்தான் தொடங்கியது. "பலமாகச் சுண்டினால் சத்தம் கூடும்தானே அப்பா, அப்ப சுருதியும் கூடுமா?" எங்கள் பேச்சில் 'சத்தம் கூட' என்றால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பாடப்புத்தகம் பிரித்துச் சொல்கிறது: உரப்பு, அதாவது சத்தத்தின் பலம், அதிர்வின் வீச்சத்தைப் பொறுத்தது, சுருதி மீடிறனைப் பொறுத்தது. எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பது ஒன்று, செக்கனுக்கு எத்தனை தரம் ஆடுகிறது என்பது இன்னொன்று. நானும் அதை மனனம் செய்து பாஸ் பண்ணியவன்தான். ஆனால் இழுத்துக் கட்டிய தந்தியின் சுருதியைச் சோதிக்கும் சுரமானி என்ற கருவியை அலுமாரிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி.

எனவே நானே ஒன்று செய்தேன். திருகோணமலையில் வீணைத் தந்தியைத் தேடி அலைய வேண்டும், தங்கூசிக்கு, அதாவது மீன்பிடிக்கும் நைலோன் இழைக்கு, அலையத் தேவையில்லை. 0.8 மில்லிமீற்றர் தங்கூசியைப் பலகையின் ஒரு நுனியில் ஆணியில் கட்டி, மறு நுனியின் விளிம்பால் கீழே விட்டு, 5 லீற்றர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டேன். நடுவில் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு மூங்கில் துண்டுகள், அவைதான் பாலம். தண்ணீரைக் கூட்டலாம், குறைக்கலாம். கேனோடு சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்தால் பாரம் தெரியும். மீடிறனைப் பார்க்கப் போனில் சுருதி சேர்க்கும் செயலி.

டச்பே கடற்கரையிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அண்ணை வாசலில் நின்று பார்த்தார். "என்ன தம்பி, கேனுக்குத் தூண்டில் போட்டிருக்கிறாய்?" பிறகு கிட்ட வந்து தங்கூசியை ஒரு தரம் சுண்டிவிட்டு, "நாலு கிலோ இருக்குமா?" என்றார். தராசில் 4 கிலோவேதான். அந்தக் காதுக்கு முன்னால் என் செயலி எதற்கு என்று ஒரு நிமிடம் தோன்றியது.

சரி, கணக்குக்கு வருவோம். மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1636 இல் வெளியிட்ட விதியின்படி, இழுவை நான்கு மடங்கானால் மீடிறன் இரண்டு மடங்காக வேண்டும். 4 கிலோவுக்குச் செயலி 197 ஹேட்ஸ், அதாவது செக்கனுக்கு 197 அதிர்வு, காட்டியது. தொங்கியபடியே தண்ணீரை வெளியே ஊற்றி 1 கிலோவாகக் குறைத்தேன்: 121. பாதிக்குப் பாதி 98 அல்லவா வந்திருக்க வேண்டும்? தராசைச் சந்தேகித்தேன், செயலியைச் சந்தேகித்தேன், கடைசியில் மெர்சென்னையும் விடவில்லை. எரிச்சலில் கேனை வெறுமையாக்கி, திரும்பத் தண்ணீர் விட்டு 1 கிலோவுக்குக் கொண்டு வந்தேன். இப்போது 98! அதே பாரம், அதே தங்கூசி, அதே நீளம். குறைத்து வந்தால் ஒரு சுருதி, கூட்டி வந்தால் இன்னொன்று.

குற்றவாளி பலகை விளிம்பு. தங்கூசி அங்கே வளைந்து உராய்கிறது. பாரம் கூடும்போது அந்த இழுவை முழுவதும் மேலே போய்ச் சேராமல் விளிம்பு தடுக்கிறது. குறையும்போது மேலே இருக்கும் இழுவையைத் தளரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஹாட்வெயாரில் சின்னக் கப்பி ஒன்று வாங்கிப் பூட்டினேன். 1 கிலோவுக்கு 108, 4 கிலோவுக்கு 214. எப்படிப் போனாலும் வந்தாலும் கிட்டத்தட்ட அதே எண். பாலத்தை நடுவுக்கு நகர்த்திப் பாதி நீளமாக்கினால் மீடிறன் இரட்டிக்கும் என்பது சிக்கலில்லாமல் வந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மகளின் கேள்வி மிச்சம். மெல்லச் சுண்டினாலும் பலமாகச் சுண்டினாலும் சுருதி ஒன்றுதான், ஏறக்குறைய. மிகப் பலமாக இழுத்து விட்டால் முதல் கணம் இரண்டு மூன்று ஹேட்ஸ் கூடக் காட்டி, பிறகு இறங்கி நிற்கும். அவ்வளவு அகலமாக ஆடும்போது தங்கூசி கொஞ்சம் நீண்டு இழுவை ஏறுகிறது. "அப்ப நான் சொன்னது கொஞ்சம் சரி" என்றாள். மறுக்க முடியவில்லை.

உரப்பில்தான் எனக்கு உண்மையான பாடம். வெறும் பலகையில் சத்தம் கொசு அளவுதான், ஆனால் நாலைந்து செக்கன் இழுக்கும். தங்கூசி மெல்லியது, காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர அதிகம் தள்ளாது. பலகையை ஒரு பழைய ஒட்டுப்பலகைப் பெட்டியின் மேல் ஏற்றியதும் அடுத்த அறைக்குக் கேட்டது. ஆனால் இரண்டு செக்கனுக்குள் ஓய்ந்துவிட்டது. பெட்டி புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. என் விரல் கொடுத்த சக்தியைத் தன் அகன்ற முகத்தால் காற்றுக்குச் சீக்கிரம் செலவழித்து விடுகிறது.

கடைசியாக ஓர் ஆசை. எங்கள் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைக் குன்றுக்கு அப்பால் கடலில் நீலத் திமிங்கிலங்கள் வரும். உலகின் சில கடல்களில் அந்த இனம் எழுப்பும் குரலில் மனிதக் காதின் கீழ் எல்லையான 20 ஹேட்ஸுக்கும் தாழ்ந்த ஒலிகள் உண்டு. அவ்வளவு கீழே நானும் போகலாமே என்று விறாந்தைத் தூணிலிருந்து வேப்பமரம் வரை 6 மீற்றருக்குத் தங்கூசி கட்டி, கப்பியில் 1 கிலோ தொங்கவிட்டேன். கணக்குப்படி செக்கனுக்குப் பதினொரு அதிர்வு. நடுவில் மெல்லச் சுண்டினால் காதுக்கு ஒன்றுமில்லை. கண்ணுக்கு ஒரு மங்கல் பட்டை, விரலை வைத்தால் குறுகுறுப்பு. நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று அடுத்த நாள் காலையில் போனேன். என் ஈரச் சாரம் அதில் காய்ந்துகொண்டிருந்தது.