38-க்கு அடுத்தது 39

ரம்ஜான் நோன்பு நெருங்க நெருங்க நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்தில், அதாவது சந்தையில், பேரீச்சையும் அத்தியும் வந்து குவியும். உணவு பாதுகாப்பு அலுவலராக அங்கே வேலை பார்த்த எனக்குக் கெட்ட பழத்தைக் கண்டுபிடிப்பது லேசு. அதைச் சட்டப்படி பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு.

அத்தி வெளியே பார்க்கச் சாது. கயிற்றில் கோர்த்த மாலையிலிருந்து ஒன்றை உருவிக் கத்தியால் பிளந்தால்தான் உள்ளே நூலாம்படையும் பொடிப்பொடியாகப் புழுவின் எச்சமும் தெரியும். சிலதில் கறுப்புப் பூஞ்சையும் இருக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். தரையோடு அடுக்கிய பெட்டி ஈரம் இழுக்காமல் என்ன செய்யும்? "சாரே, பெட்டிய நான் பிரிச்சுகூட பாக்கல்ல, வந்தபடியே இருக்கு" என்றார் ஒரு வியாபாரி. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விற்கிறவர் அவரல்லவா?

2006-ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்புச் சட்டம், 38-ஆம் பிரிவில் பறிமுதல் அதிகாரம் தருகிறது. தகுந்த காரணமில்லாமல் பறிமுதல் செய்து தொல்லை கொடுக்கும் அலுவலருக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது 39-ஆம் பிரிவு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது 39-ஐத்தான் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. பறிமுதலுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றதும் கடைத்தெருவில் அத்தனை பேருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

மாதிரியை நாலு பங்காக்கி முத்திரை வைத்து, ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகும். எங்களுக்குப் பாளையங்கோட்டை ஆய்வகம். 14 நாளில் அறிக்கை வர வேண்டும். அதுவரை சரக்கு வியாபாரியின் குடோனிலேயே, அவர் பொறுப்பிலேயே, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கிடக்கும். வழக்கு நிற்பதும் விழுவதும் மாதிரி எடுக்கிற கையில்தான். அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு எல்லாப் பழத்திலும் ஒரே அளவில் இருக்காது. சிலவற்றில் மட்டும் குவிந்திருக்கும். மேல் பெட்டியில் ஒரு பிடி அள்ளினால் 'நல்ல பழம்' என்றே முடிவு வரலாம். அடிப்பெட்டி, சுவரோரப் பெட்டி என்று பல இடத்தில் எடுக்க வேண்டும். கடைக்காரருக்கு எரிச்சல் வரும், வரட்டும்.

அறிக்கை பாதகமாக வந்து அழிக்கப் போனபோது அதே வியாபாரி, "மாட்டுக்காவது போடட்டா சாரே?" என்று கேட்டார். மாடு தின்றால் அந்த நஞ்சு உருமாறிப் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது என்றேன். வீட்டில் கறவை வைத்திருக்கிறவர். அதற்குப் பிறகு பேச்சில்லை. குழி வெட்டிய கூலியை மட்டும் பேரம் பேசிக் கொடுத்தார்.