இருவருக்கு ஒரு சொதிச் சாப்பாடு: சமையல் நாட்குறிப்பு

2024 நவம்பர் 8, வெள்ளி

ஞாயிறு இரவுக்குத் திருநெல்வேலிச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு), இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். சாப்பிட இரண்டு பேர். நெல்லைப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடும் விருந்தில் இதுதான் பிரதானம். 'மாப்பிள்ளைச் சொதி' என்ற பேரும் அப்படி வந்ததுதான். சில வீடுகளில் கடைசியாக ஊற்றும் நெய்யைத் தேங்காயெண்ணெயாக மாற்றிவிட்டால் முழுக்க வீகன், அதாவது பால், நெய் உட்பட விலங்குப் பொருள் எதுவும் இல்லாதது. டோஃபு, சோயாப்பால் என்று எதையும் தேடி அலைய வேண்டாம்.

இந்தக் குழம்பின் நல்லது கெட்டதைத் தீர்மானிப்பது தேங்காய். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், கண்களில் ஈரமோ பூஞ்சையோ இருக்கக்கூடாது. இளசாக இருந்தால் பால் தண்ணீராக வரும். தண்ணீர் வற்றிக் கொப்பரையாகிக்கொண்டிருக்கும் காயில் பாலைவிட எண்ணெய்தான் முன்னால் வந்து நிற்கும், சொதியில் சிக்கு வாடையும் அடிக்கும். நடுத்தரக் காய் ஒன்று போதும், துருவினால் இரண்டு கப் வரும். அதில் இரண்டு மேசைக்கரண்டி துவையலுக்கு எடுத்துவைக்க வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

முதலில் பால். துருவலோடு 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி எண்ணெய் பிரிந்துவிடும். மெல்லிய துணியில் பிழிந்தால் கெட்டியான முதல் பால் கிடைக்கும். சக்கையில் 200 மில்லி ஊற்றி அரைத்தால் இரண்டாம் பால், இன்னொரு 250 மில்லிக்கு மூன்றாம் பால். மூன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒன்றாகக் கலந்துவிட்டால் இந்தச் சமையலே நடக்காது.

பாசிப்பருப்பு 50 கிராம். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். சிவந்துவிட்டால் சொதியின் வெளிர் நிறம் போய்விடும். 150 மில்லி தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று விசில், பிறகு கரண்டியால் நன்றாக மசித்துவிடலாம். சொதி கெட்டியாவதும், கொழுப்பு மேலே மிதந்து பிரியாமல் இருப்பதும் இந்தப் பருப்பால்தான். பருப்பைக் குறைப்பவர்களுக்குத்தான் சொதி அதிகம் திரிகிறது.

காய்: உருளைக்கிழங்கு ஒன்று, கேரட் ஒன்று, பீன்ஸ் எட்டு, முருங்கைக்காய் ஒன்று, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, உரித்த சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல். கேரட்டை உருளைக்கிழங்கைவிடச் சிறிதாக நறுக்கினால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் வேகும். மூன்று பச்சைமிளகாயை ஒரு அங்குல இஞ்சியோடு விழுதாக அரைத்துக்கொண்டு, இன்னும் மூன்றைக் கீறி வைக்கலாம். மிளகாய்த்தூள் கிடையாது, மஞ்சளும் கிடையாது. காரம் முழுக்கப் பச்சைமிளகாயும் இஞ்சியும் தருவது.

பாத்திரம் குறுகலாக, ஆழமாக இருக்கட்டும். இரண்டு பேருக்கான அளவை அகலமான வாணலியில் வைத்தால், கிழங்கு வேகுமுன்னே பால் வற்றி அடி பிடிக்கும். இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் வெங்காயம், பூண்டு, கீறிய மிளகாயை நிறம் மாறாமல் வதக்கி, காய்களைப் போட்டு ஒரு புரட்டு புரட்டி, மூன்றாம் பாலை ஊற்றி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு மூடிவிட வேண்டும். இந்தப் பாலில் கொழுப்பு அதிகமில்லை, தளதளவென்று கொதித்தாலும் கெடாது. காயைத் தண்ணீரில் வேகவைத்துப் பிறகு பால் சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல், உருளைக்கிழங்கின் உள்ளுக்குள்ளேயே தேங்காய் ருசி ஏறியிருக்கும். பன்னிரண்டு நிமிடத்தில் கிழங்கில் கத்தி இறங்கும். முருங்கைக்காயைப் பத்து நிமிடத்திலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும், பிளந்துவிட்டால் சொதி முழுக்க நார்தான்.

அடுத்து இரண்டாம் பால், மசித்த பருப்பு, இஞ்சி மிளகாய் விழுது. மிதமான தீயில் ஐந்து நிமிடம், விழுதின் பச்சை வாடை போகும்வரை.

இனி அடுப்பை விட்டு நகரக்கூடாது. தீயை சிம்மில் வைத்து, முதல் பாலை ஊற்றி, ஒரே பக்கமாக மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டி நடுவில் இலேசாக அசைவு தெரியும் நேரம்தான் இறக்கும் நேரம். கொதி வரக்கூடாது. தேங்காய்ப்பாலில் கொழுப்பைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்துவைத்திருப்பது அதிலுள்ள புரதம். சூடு மிஞ்சினால் அது திரண்டு பிடியை விடும், எண்ணெய் மேலே வரும். எலுமிச்சையின் புளிப்பும் அதையே செய்யும். அதனால்தான் இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு அரை மூடி எலுமிச்சை பிழிய வேண்டும். காய் வேகும்போதே பிழிந்தால் இன்னொரு கெடுதலும் உண்டு: புளிப்பு ஏறிய தண்ணீரில் உருளைக்கிழங்கு எவ்வளவு நேரம் கிடந்தாலும் சரியாகக் குழையாது.

கடுகு, சீரகம், கறிவேப்பிலை, உடைத்த முந்திரி நான்கைந்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

திரிந்துவிட்டால் தூக்கிக் கொட்ட வேண்டாம். காயை அரித்தெடுத்துவிட்டு, ஆறிய குழம்பை இரண்டு கரண்டிப் பருப்போடு மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். நிறம் கொஞ்சம் மங்கும், ருசியில் பழுதில்லை.

துவையலுக்கு இளசான இஞ்சி 40 கிராம். தோல் சீவி, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்க வேண்டும். நல்லெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பையும் நான்கு காய்ந்த மிளகாயையும் வறுத்தெடுத்து, அதே எண்ணெயில் இஞ்சியை ஓரம் சிவக்கும்வரை வதக்க வேண்டும். குறைந்தால் தொண்டையைக் கமறும், கருகினால் கசக்கும். எடுத்துவைத்த தேங்காய், சுண்டைக்காயளவு புளி, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெல்லம், உப்பு சேர்த்து, ஆறியபின் கரகரப்பாக அரைக்கலாம். தேங்காய்ப்பாலின் திகட்டலை முறிக்க இது இலையில் இருந்தே ஆக வேண்டும். வறுவல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, துவையல் இல்லாமல் சொதி பரிமாறக்கூடாது.

சாதத்துக்கு முக்கால் கப் பச்சரிசி, கொஞ்சம் குழைவாக. உதிரி உதிரியாக வடித்த சாதத்தில் சொதி ஒட்டாமல் அடியில் தேங்கும்.

நவம்பர் 11, திங்கள்

மிஞ்சிய சொதி காலையில் ஆப்பத்துக்கு. ஃபிரிட்ஜில் மேலே வெள்ளைத் தட்டாக உறைந்திருப்பது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது இயல்பு. நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் கிண்ணத்தை இறக்கிச் சூடாக்க வேண்டும். இரண்டாவது முறை சூடாக்குவதற்கு இது தாங்காது.

நவம்பர் 14, வியாழன்

வேலைநாளில் தேங்காய் துருவ நேரமில்லை என்றால் பாக்கெட் பால் எடுக்கலாம். முதல் பாலுக்குப் பதில் அப்படியே, மற்ற இரண்டுக்கும் தண்ணீர் விட்டு நீர்க்க. ஆனால் தேங்காய்ப்பால் பொடி வாங்கும்போது பின்பக்கத்தைப் படித்தே தீர வேண்டும். பல பொடிகளில் கொழுப்பு பிரியாமலிருக்க சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். அது மாட்டுப்பாலின் புரதம். பச்சைப் புள்ளியை மட்டும் நம்ப முடியாது, அது சைவத்துக்கான குறி, பால் அதில் அனுமதி. வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 இல் தனி விதிகள் கொண்டுவந்தது, அதற்குப் பச்சை நிற 'வி' முத்திரை தனியாக உண்டு. கையால் பிழிந்த பாலின் மணம் பாக்கெட்டில் வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 16, சனி

இன்று யாழ்ப்பாணச் சொதி. பேர் ஒன்றென்றாலும் பண்டம் வேறு. பருப்பில்லை, தண்ணியாக இருக்கும், மஞ்சள் உண்டு, இடியாப்பத்துக்குத்தான் உரியது. 300 மில்லி இரண்டாம் பாலில் ஆறு சின்ன வெங்காயம், மூன்று பச்சைமிளகாய், ஒரு தக்காளி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், கறிவேப்பிலை போட்டு, வெங்காயம் வெந்ததும் 100 மில்லி முதல் பாலை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்து, பொங்கி வரும் முன் இறக்கித் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிய வேண்டும். வெந்தயம் கூடினால் கைப்புத் தட்டும்.

இடியாப்பத்துக்கு வறுத்த சிவப்பரிசி மா 200 கிராம். தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும், இளஞ்சூட்டில் குழைத்தால் உரலில் பிழிய வராது, வந்தாலும் அவித்தபின் உடைந்து உதிரும். எட்டு நிமிடம் ஆவியில். தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்), செத்தல் (காய்ந்த) மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிப்புளி சேர்த்து இடித்த சம்பல் பக்கத்தில். கடையில் வாங்கும் சம்பலில் மாசிக் கருவாடு சேர்ந்திருக்கலாம், கேட்டு வாங்க வேண்டும்.