டொலேடோவில் ஒரு பகல்

மாட்ரிட்டின் அட்டோச்சா நிலையத்தில் காலையில் ஏறிய ரயில், அரைமணி நேரத்திற்குச் சற்று மேலாக ஓடி, குதிரைலாட வளைவுகளும் வண்ண ஓடுகளும் நிறைந்த டொலேடோ நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டது. தாஹோ ஆறு மூன்று புறமும் சூழ்ந்து ஓடும் பாறைக்குன்றின்மேல் அமைந்த அந்தப் பழைய நகருக்கு, பேருந்தைத் தவிர்த்து, அல்காந்தரா பாலத்தின் வழியே நடந்தே ஏறினோம். முதல்முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதுவே.

1226இல் கட்டத் தொடங்கிய பேராலயம் மிகப் பெரியது. ஆயினும் என் மனம் தங்கியது, 999ஆம் ஆண்டில் செங்கல்லால் எழுப்பப்பட்டு, பின்னர் தேவாலயமாக மாற்றப்பட்ட கிறிஸ்தோ தெ லா லூஸ் என்னும் சின்னஞ்சிறு பள்ளிவாசலில்தான். முஸ்லிம்களுக்கு முன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் காலத் தூண்தலைப்புகளை எடுத்து அமைத்த நான்கு தூண்கள், உட்கூரையை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கின்றன. அந்த ஒன்பதின் கவிமாடங்களும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூதர் குடியிருப்பில், வெண்ணிற வளைவுகள் வரிசைவரிசையாக நிற்கும் சாந்தா மரியா லா பிளாங்கா என்ற பழைய தொழுகைக்கூடத்தைக் கண்டபின், மாலை ரயிலுக்காக இறங்கினோம். பாலத்தின்மேல் நின்று திரும்பிப் பார்த்தபோது, குன்று முழுவதும் பொன்னிறமாகியிருந்தது.