நைரோபியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு வேலை செய்யப் போனேன்

வெளிநாட்டில் ஆதரவற்ற கைக்குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ச் சேவை செய்வது எப்படி என்று எங்கள் காரைக்குடிப் பக்கம் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். நான் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். மகள் குடும்பத்தோடு கென்யாவில், நைரோபியில் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கிக்கொண்டு சில மாதம் அங்கே ஓர் இல்லத்தில் சம்பளம் இல்லாமல் வேலை செய்தேன்.

முதலில் இணையத்தில் தேடியபோது ஒரு நிறுவனம் கண்ணில் பட்டது. இரண்டு வாரத்துக்கு இவ்வளவு கட்டணம், வார இறுதியில் காட்டு விலங்குகள் பார்க்கக் கூட்டிப் போவோம், மீதி நேரம் குழந்தைகளைக் கொஞ்சலாம். விண்ணப்பத்தில் டி-சர்ட் அளவு கேட்டிருந்தார்கள், பிள்ளை வளர்த்த அனுபவம் உண்டா, போலீஸில் வழக்கு ஏதும் உண்டா என்று ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பச்சைக்குழந்தைகள் இருக்கும் அறைக்குள் பணம் கட்டினால் யாரும் நுழையலாம் என்றால் அது என்ன இல்லம்? 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய ஒரு தீர்மானமே இந்த மாதிரி ஆதரவற்றோர் இல்லச் சுற்றுலாவால் குழந்தைகளுக்கு வரும் தீங்கைப் பற்றிப் பேசுகிறது, குழந்தைக் கடத்தலுக்கு அது வழிவிடலாம் என்றும் சொல்கிறது.

நான் கடைசியில் போன இல்லம் நேர்மாறு. கட்டணம் கிடையாது, ஆனால் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. கூட வேலை பார்த்த இரண்டு பேரின் கடிதம், வீடியோவில் நேர்காணல், காசநோய் இல்லை என்பதற்கு எக்ஸ்ரே, தடுப்பூசி விவரம், போலீஸ் நற்சான்று எல்லாம் வேண்டும். குறைந்தது மூன்று மாதம் இருக்க முடியாதவர்களுக்குக் குழந்தைகள் அறையில் வேலை தருவதில்லை. படித்ததும் நிம்மதியாக இருந்தது.

போலீஸ் நற்சான்றை நம் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும், சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சான்று கிடையாது, எதற்காகப் போகிறோம் என்று காட்ட வேண்டும், அதனால் இல்லத்தின் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். கென்யாவுக்குள் நுழைய 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் ஆன்லைனில் முன் அனுமதி எடுக்கிறோம், ஆனால் அது ஊர் பார்க்கத்தான். சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை வேலைதான், அதற்குத் தனி அனுமதி வேண்டும், அந்த இல்லமே விண்ணப்பித்து வாங்கித் தந்தது. சுற்றுலான்னு சொல்லி வந்துடுங்க, பாத்துக்கலாம் என்று எந்த இல்லமாவது சொன்னால் அங்கே போகாதீர்கள்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்று இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், நான் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டேன். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், 2016-லிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். எனக்கு அறுபது தாண்டிவிட்டதால் டாக்டர் கொஞ்சம் யோசித்தார். அந்த வயதுக்கு மேல் முதல் முறை போடுகிறவர்களுக்குக் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். மாத்திரைகள், பழைய நோய்கள் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் போட்டார். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் அங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

புறப்படும் முன் எங்கள் தெருவில் ஓர் ஆச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர்கள் வீட்டில் பிள்ளை கூட்டி, அதாவது தத்தெடுத்து, வளர்த்தவர்கள், அந்தப் பிள்ளைக்கே இப்போது பேரன் இருக்கிறான். "சிஸ்டரம்மா, போறது நல்ல காரியந்தான். ஆனா பச்சப்புள்ளைக்கு ஒரு கை பழகணும். நீங்க தூக்கிப் பழக்கிட்டு வந்துட்டீகன்னா அது யாரத் தேடும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அங்கே முதல் நாள் பயிற்சியில் இல்லத்தின் பொறுப்பாளர் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான்.

அந்த இல்லத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் இன்ன அம்மா என்று உண்டு, எல்லாரும் உள்ளூர்ப் பெண்கள், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். பால் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, அழுதால் தூக்குவது முடிந்தவரை அதே அம்மாதான். நாங்கள் செய்தது அவர்களின் கையைக் காலியாக வைத்திருக்கும் வேலை. பாட்டில் கழுவிக் கொதிக்க வைப்பது, பால் கரைப்பது, துணி துவைப்பது. பால் பவுடரில் கிருமி இருக்கக்கூடும், அதனால் கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கரைத்து, பிறகு குடிக்கும் சூட்டுக்கு ஆற்ற வேண்டும், 2 மணி நேரத்துக்குள் கொடுக்காததைக் கொட்டிவிட வேண்டும். துணிதான் பெரும்பாடு. நைரோபி 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர், ஜூலையில் வெயில் முகத்தையே காட்டாது, காரைக்குடியில் அரை மணியில் காயும் துணி அங்கே மறுநாளும் ஈரமாகவே கிடக்கும். ஒரு பக்கம் காய வைத்து ஒரு பக்கம் இஸ்திரி போட்டுக்கொண்டே இருப்போம்.

ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று, வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, என்னைப் பார்த்ததும் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டது. பார்க்கிறவர்களுக்குப் பாசம் மாதிரிதான் இருக்கும். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் தயக்கமே இல்லாமல் ஒட்டிக்கொள்வது, அதற்கு இன்னும் சொந்தமாக ஓர் ஆள் இல்லை என்பதன் அடையாளம். நான் கொஞ்ச நேரம் வைத்திருந்து அதன் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்தோம். சில வாரம் போனபின் அது என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தது, இரண்டு பேரும் சந்தோஷத்தில் கை தட்டினோம்.

ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. இல்லத்திலேயே வளர்ந்தவர்களைவிட வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். அதனால்தான் நான் இருந்த நைரோபி இல்லத்தில் எல்லாருக்கும் அவசரம். குழந்தை வந்த அன்றே போலீஸுக்கும் குழந்தைகள் நல அலுவலருக்கும் தகவல் போகும், சொந்தபந்தம் உண்டா என்று தேடுவார்கள். தாயில்லாத பிள்ளைக்கும் பாட்டியோ சித்தியோ இருப்பதுண்டு, கையில் காசு இல்லாததுதான் பிரச்சினை. யாருமே கிடைக்காவிட்டால் நீதிமன்றம் வழியாக உள்ளூர்க் குடும்பத்துக்குத் தத்து. 2014 நவம்பரில் கென்யா வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்துவிட்டது, "ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வந்துடுங்களேன்" என்று இங்கே கேட்டவர்களுக்காக இதையும் சொல்கிறேன்.

ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகளுக்கு ஊஜி என்று ஒரு கஞ்சி, நம் கேழ்வரகுதான். அதைக் காய்ச்சும் வேலை மட்டும் எனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போட்டோ எடுக்கக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்குவார்கள், அதனால் காட்டப் படம் ஒன்றும் இல்லை. போக விரும்புகிறவர்கள், குழந்தையை யார் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள், குடும்பத்தைத் தேடுவது யார் வேலை, எனக்கு என்ன வேலை தருவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு வாரம்தான் லீவு என்றால் குழந்தைகள் அறை வேண்டாம், வேறு வழி இருக்கிறது. தேவகோட்டையில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள், பி.காம் படித்தவள், கணக்கு நன்றாக எழுதுவாள். இல்லத்தில் ரசீதெல்லாம் பெட்டி பெட்டியாகக் குவிந்து கிடந்தது எனக்குத் தெரியும், பேசி இணைத்துவிட்டேன். இப்போது சனிக்கிழமைதோறும் வீட்டில் உட்கார்ந்தபடியே அவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுக்கிறாள்.