பள்ளம் வெட்ட முடியாத ஊரில் ஓர் இராணுவ லாரி

வண்டிக்கு அடியில் வேலை செய்யப் பட்டறைகளில் பள்ளம் வெட்டுவதுதான் வழக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே, நெல் மூட்டை அடுக்கிய எங்கள் பழைய கொட்டகையில் நானும் அப்படியொரு பள்ளம் வெட்டிச் செங்கல் கட்டினேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டிய சில நாட்களிலேயே செங்கல் இடுக்குகளில் நீர் கசிந்து முழங்கால் அளவுக்கு நின்றது. ஆடியிலிருந்து தை வரை அதில் இறங்க முடியாது என்று தெரிந்ததும் பள்ளத்தை மூடிவிட்டு, எண்ணெய் அழுத்தத்தால் வண்டியை மேலே தூக்கும், இரு தூண்கள் கொண்ட 4 டன் ஹைட்ராலிக் லிஃப்ட் வாங்கினேன்.

அதில் ஏற வேண்டியது நான் பழுது பார்க்கும் நிசான் ஒரு டன் லாரி; ஒரு டன் என்பது அது ஏற்றும் சுமை, அதன் சொந்த எடை அல்ல. ஜப்பானிய உரிமத்தின் பேரில் ஜபல்பூரில் நம் இராணுவத்துக்காகச் செய்யப்பட்டது, 3,956 சிசி கொண்ட ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உடையது. எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைக்கச் சொன்னவர்கள் பலர். நான் இசையவில்லை.

லிஃப்டை விடத் தரைக்கே அதிகம் பாடுபட்டேன். எங்கள் களிமண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் போட்ட தளத்தில் தூணை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. ஆகவே மூன்றடி ஆழத்துக்குக் களிமண்ணை அள்ளிவிட்டு, கிராவல் நிரப்பித் திமிசு போட்டு, கம்பி வலையுடன் எட்டு அங்குலக் கான்கிரீட் போட்டு, 28 நாள் நீர் விட்ட பிறகே போல்ட்டுக்குத் துளையிட்டோம்.

அரிசி ஆலை எடை மேடையில் லாரி 2,700 கிலோ காட்டியது. முன் சக்கரங்களில் மட்டும் 1,400. பின்பெட்டியைக் கழற்றிவிட்டு டிராக்டரில் கட்டி இழுத்துப் போய் மறுபடி நிறுத்தினால் மொத்தம் 2,280, முன்னால் 1,370. அதாவது, எடையின் நடுப்புள்ளி ஏறத்தாழ ஒரு சாண் முன்னே நகர்ந்திருந்தது. லிஃப்டின் கைகளை அதற்கேற்ப முன்னே தள்ளி வைக்காமல் தூக்கியிருந்தால் வண்டி மூக்குக் குத்தியிருக்கும். "தம்பி, முதல்ல ஒரு சாண் தூக்கு, ஆட்டிப் பாரு, அப்புறம் ஏத்து" என்று டிராக்டர் மெக்கானிக் அண்ணன் சொன்னதை இன்றும் ஒவ்வொரு முறையும் செய்கிறேன். உயரத்துக்குப் போனதும் எண்ணெய் அழுத்தத்தை நம்பி விடாமல், இரு தூண்களிலும் கைகள் கீழே இறங்காமல் தாங்கும் லாக் விழும் சத்தம் கேட்ட பிறகு அதன் மேல் வண்டியை இறக்கி உட்கார வைத்தே அடியில் போகிறேன்.

நிமிர்ந்து நின்று, விளக்கைக் கையில் பிடித்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை அங்குலம் அங்குலமாகப் பார்க்க முடிந்ததே இதன் பெரும்பயன். பின்பக்க ஸ்பிரிங் தாங்கியின் ரிவெட் அருகே, பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டியபோது, மயிரிழை போன்ற விரிசல் ஒன்று விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. கீழே மல்லாந்து படுத்துப் பார்த்த நாட்களில் அதே இடத்தை நான் பலமுறை கடந்திருக்கிறேன். விரிசல் மேலும் ஓடாதிருக்க அதன் நுனியில் சிறு துளை போட்டு, கிரைண்டரால் பள்ளமாக்கி வெல்டு வைத்து, உட்புறம் தகடு கொடுத்திருக்கிறோம். அடுத்து பின் ஆக்சிலை இறக்க வேண்டும். அந்த எடை போனால் நடுப்புள்ளி இன்னும் முன்னே போகும் என்பதால், முன்பக்கச் சேஸிஸுக்கு அடியில் கொடுக்க இரண்டு உயரமான ஸ்டாண்டுகளைப் பட்டறையில் செய்யச் சொல்லியிருக்கிறேன்.