பேர வாவியில் விட்டுப்போன தாராக்கள்: நான்கைக் கரைசேர்த்த அனுபவம்

ஐந்து தாராவில், அதாவது வாத்தில், நான்கைத்தான் கரைசேர்க்க முடிந்தது. நான் ஒரு கையொப்பத்துக்காக அலுவலக வாங்கில் காத்திருந்த நாட்களில் ஐந்தாவதை நாய் கொண்டுபோய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இனி யாருக்கும் இப்படி நாள் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொழும்பு கொம்பனித்தெருவில். காலையில் பேர வாவிக் கரையில் நடப்பேன். கூழைக்கடாவும் நீர்க்காகமும் அங்கே எப்போதும் இருப்பவை. அன்று படிக்கட்டுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஐந்து தாரா, ஆரஞ்சுச் சொண்டு. என்னைக் கண்டதும் விலகாமல் நேரே காலடிக்கு வந்தன. யாரோ வளர்த்து, கொண்டுவந்து விட்டுப்போயிருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"தண்ணீர் இருக்குத்தானே, பிழைத்துக்கொள்ளும்" என்று நினைத்துத்தான் விட்டிருப்பார்கள். பிழைக்காது. இது பெக்கின் இனம். காட்டுத் தாராவிலிருந்து மனிதர் இறைச்சிக்கும் முட்டைக்கும் வளர்த்தெடுத்த சாதி. உடம்பு கனம், சிறகு அதைத் தூக்காது. நாய் வந்தால் பறக்க முடியாது. வெள்ளை நிறம் என்பதால் இருட்டிலும் தெரியும். பேர வாவித் தண்ணீர் வெயில் காலத்தில் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும். சூடான, தேங்கிய தண்ணீரில் ஏதாவது அழுகிக் கிடந்தால் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சு உண்டாகலாம். அது உடம்பில் ஏறிய தாராவுக்குக் கழுத்து துவண்டுவிடும், தலையைத் தூக்க முடியாமல் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிச் செத்துப்போகும். எங்கள் ஐந்துக்கும் அது வரவில்லை. ஆனால் இறகு முழுக்க அழுக்கேறி, தண்ணீர் ஒட்டாமல் வழிய வேண்டிய உடம்பு நனைந்த துணி போலத் தொங்கியது.

முதல் வேலையாக, அவற்றைப் பிடித்துக் கொண்டுபோக அனுமதி எடுக்க ஓடினேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

முதல் அலுவலகத்தில் வாவி தங்கள் பொறுப்பு, கரை இன்னொருவர் பொறுப்பு என்றார்கள். கரைக்காரரிடம் போனால் "பறவை என்றால் எங்களுக்குச் சம்பந்தமில்லை மிஸ்" என்று பதில். வனஜீவராசிகளுக்கான சட்டம் 1937 இல் வந்தது, அது காட்டு உயிர்களுக்கு. வீட்டுத் தாரா அதற்குள் வராது. 1907 ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் பொலிஸுக்குப் போனால் யார்மேல் முறைப்பாடு வைப்பது? விட்டவர் யாரென்றே எனக்குத் தெரியாது. திரும்பவும் முதல் அலுவலகம். தமிழில் எழுதிய கடிதத்தை லிகிதர் வாங்கிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் கொண்டுவரச் சொன்னார். தமிழும் அரச மொழிதானே என்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் எழுதி வாங்கி மறுநாள் போனேன். அன்று, "தாராக்களின் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் எங்கே?" என்று கேட்டார். விட்டுப்போன ஆளை எங்கே போய்த் தேடுவது? எடுத்துச் சொன்னேன். "அப்போ பெரியவர்தான் கையொப்பம் வைக்க வேண்டும்" என்றார். பெரியவர் களப்பணிக்குப் போயிருந்தார். அடுத்த நாளும். அதற்கடுத்த நாள் போயா விடுமுறை.

இப்படிப் பதினொரு நாள். பத்தாம் நாள் இரவுதான் அது நடந்தது. இந்தத் தாராக்கள் கரையில் ஏறித்தான் உறங்கும், கட்டாக்காலி நாய்களுக்கு அது போதும். காலையில் போனபோது படிக்கட்டிலிருந்து மதில் வரை வெள்ளை இறகு. மிச்ச நான்கும் தண்ணீர் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன, பெட்டை ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் அலுவலகத்துக்குப் போய், கையொப்பத்தைக் கேட்காமல், கடிதத்தின் பிரதியில் 'கிடைத்தது' என்று திகதி முத்திரை மட்டும் குத்தித் தரச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் தந்தார்கள். கடைசி வரை எனக்கு உதவிய ஒரே தாள் அதுதான். கடிதம் கொடுப்பவர்கள் முதல் நாளே அந்த முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். கையொப்பம் வரும்போது வரட்டும்.

அப்புறம் பிடிக்கும் வேலை. அந்தச் சனிக்கிழமை அன்னப்படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, தம்பியும் நானும் மிதித்து மிதித்துத் துரத்தினோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தண்ணீரில் தாராவை யாராலும் முந்த முடியாது. ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். அவை மிரண்டுபோய் நான்கு நாள் கரைப்பக்கமே வரவில்லை. நாய்க்குப் பயந்த நேரத்தில் எங்களுக்கும் பயப்பட வைத்துவிட்டோம்.

வழி காட்டியவர் தாராவுக்குப் பாண் போடும் நானா ஒருவர். தினமும் காலை ஆறரைக்குப் பழைய பாணைப் பிய்த்துத் தண்ணீரில் போடுவார், தாரா அவர் குரலுக்கு வரும். பாண் வயிற்றை நிரப்புமே தவிர சத்தில்லை, மிச்சம் தண்ணீரில் ஊறி நாறி அதே நஞ்சுக்கு வழி வைக்கும் என்று பணிவாகத்தான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "பசிக்குமேன்னுதான் போட்டேன் மகள்" என்றார். அவர் அன்பில் குறையே இல்லை. மறுநாளே ஊறவைத்த நெல்லும் பொடியாக அரிந்த கங்குன் கீரையும் கொண்டுவந்தார். அகலமான பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டோம். தாராவுக்கு வெறும் தீனி தொண்டையில் அடைக்கும், பக்கத்தில் மூக்கு நனையும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும்.

எட்டு நாள், ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆள். ஒவ்வொரு நாளும் பேசினை ஓரடி ஓரடியாகக் கரைக்கு உள்ளே நகர்த்தினோம். ஐந்தாம் நாளிலிருந்து தோட்டத்துக்கு விரிக்கும் பச்சை வலையை மூங்கில் தடிகளில் கட்டி, மதிலோடு சேர்த்து ப வடிவில் நிறுத்தி வைத்தோம், கண்ணுக்குப் பழகட்டும் என்று. எட்டாம் நாள் நான்கும் வலைக்குள் நின்று தின்றன.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. நானா தீனி வைத்தார். தம்பியும் நானும் தண்ணீர்ப் பக்க வாயை மெதுவாக மூடினோம். ஓட்டம் இல்லை, சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பாதுகாப்பு ஊழியர் விசிலடித்துக்கொண்டு வந்தார், யாரிடம் கேட்டுப் பிடிக்கிறீர்கள் என்று. முத்திரை குத்திய பிரதியை நீட்டினேன். வாசித்தார். "தாராவா?" என்றார். சிங்களத்திலும் அதே பெயர்தான். தாளைத் திருப்பித் தந்துவிட்டு, தானே வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

காலிலோ கழுத்திலோ சிறகிலோ பிடித்துத் தூக்க வேண்டாம். கால் சுலபமாக உடையும். இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்து அணைத்து, ஒரு கையை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். மேலே ஒரு துவாயைப் போட்டால் அடங்கிவிடும். நான் தூக்கிய சேவல் என் முன்கையில் நகத்தால் இரண்டு கோடு போட்டது, துவாய்க்குள் போனதும் அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. சேவல் எது என்று தெரிய வாலைப் பாருங்கள், மேலே சுருண்ட இறகு இருக்கும். குரலும் கரகரப்பாக, தணிவாக இருக்கும். உரத்துக் கத்துவது பெட்டை. எங்களுக்கு மிஞ்சியது இரண்டு சேவல், இரண்டு பெட்டை. சேவல் கூடினால் பெட்டையை மிதித்துக் காயப்படுத்தும், கொடுக்கும் இடத்தில் இந்தக் கணக்கையும் சொல்லிவிடுங்கள்.

இடம் தேடுவதைப் பிடித்த பிறகு தொடங்காதீர்கள். நான் முன்பே கேட்டு வைத்திருந்தேன். முதலில் சரி என்ற இருவரும், பேசப் பேச, நத்தாருக்குக் கறி வைக்கத்தான் கேட்டார்கள். கடைசியில் தோழியின் மாமா, சிலாபத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோட்டம், நத்தை தின்ன ஏற்கெனவே தாரா வைத்திருக்கிறார். வெட்டமாட்டேன் என்று சொன்னார், சொன்னால் சொன்னதுதான். மிருக வைத்தியர் பார்த்து ஒரு துண்டு எழுதித் தந்தார். புதிதாக வருபவற்றை 30 நாள் தனியே வைக்கச் சொன்னார், நோய் இருந்தால் மற்றவைக்குத் தொற்றாமல் இருக்க.

அடுத்த நாள் விடிய நாலரைக்குச் சின்ன லொறியில், காற்றோட்டமான பழக்கூடைகளில் இரண்டிரண்டாக வைத்து, மேலே துணி போட்டுக் கொண்டுபோனோம். வெயில் ஏறிவிட்டால் கூடைக்குள் இளைக்கத் தொடங்கிவிடும். தண்ணீர்ப் பாத்திரம் வைத்தால் கவிழும் என்று வெள்ளரிக்காய்த் துண்டு போட்டிருந்தோம். வழியில் ஒரு தொல்லையும் இல்லை.

மாமா தனிக்கூடு ஒன்றில் விட்டு, தினமும் பெரிய பேசினில் சுத்தமான தண்ணீர் மாற்றி வைத்தார். முதல் வாரம் குளித்துவிட்டு நனைந்து நடுங்கிக்கொண்டே வெளியே வந்தனவாம். வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியில் சொண்டைத் தேய்த்து இறகில் பூசிப் பூசித்தான் திரும்ப உடம்பு தேற வேண்டும். 30 நாளும் முடிந்த பிறகு, போன ஞாயிறு கதவைத் திறக்க நானும் போயிருந்தேன். எனக்குக் கீறல் போட்ட அந்தச் சேவல்தான் முதலில் குளத்தில் இறங்கியது. தலையை முக்கி எடுத்தது. முதுகில் விழுந்த தண்ணீர் மணி மணியாக உருண்டு ஓடியது. ஒரு சொட்டுக்கூட ஒட்டவில்லை.