42 விசை கார்னேயில் தமிழ்99 அடிக்க

கார்னே போன்ற, இரு கைக்கும் இரண்டாகப் பிரிந்த 42 விசை ஸ்பிளிட் கீபோர்டை ஆங்கிலத்தை நினைத்துத்தான் அமைத்திருக்கிறார்கள். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் 'ச', 'ஞ' இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. ஒரே விசைகளுக்கு வேறு வேறு பணி தரும் அடுக்குதான் லேயர்; கார்னேயின் முதல் லேயரில் அந்த விசைகளே கிடையாது. 'ச' வரும்போதெல்லாம் லேயர் மாற்றினால் வேகம் போய்விடும்.

ஆங்கில ஓ (O), பி (P) விசைகள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 'ச' வரும்படி காம்போ வைக்கத் தோன்றும். வேண்டாம். அவை 'ட', 'ண' விசைகள். 'வண்டி' என்று வேகமாக அடித்தால் இரண்டும் 50 மில்லிவிநாடிக்குள் விழுந்து 'வசி' ஆகும். பி-க்கு அடுத்த பேக்ஸ்பேஸை 'ச' ஆக்குங்கள். கீழ் வரிசைக் கடைசியில் உள்ள எஸ்கேப்பை 'ஞ' ஆக்குங்கள். பேக்ஸ்பேஸ் வலது கட்டைவிரலுக்குப் போகட்டும், எஸ்கேப் ஏதாவது ஒரு லேயருக்கு.

பெரிய தலைவலி ஹோம் ரோ மாட்ஸ்தான்: நடு வரிசை விசையைத் தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்றவை. 'உ' இருக்கும் டி (D) விசையில் கன்ட்ரோல் வைத்து, அது அழுந்தியிருக்கையில் இன்னொரு விசையை அழுத்தி விடுவித்தாலே பிடித்ததாக எடுக்கும் பர்மிஸிவ் ஹோல்டும் போட்டிருந்தால், 'துணி' அடிக்கையில் டி-யிலிருந்து விரல் எழுவதற்குள் பி-யை அழுத்தி விடுவித்தாலே கன்ட்ரோல்+பி ஆகி, பிரின்ட் சாளரம் வந்து நிற்கும். கோர்டல் ஹோல்டு என்ற அமைப்பு இதைத் தடுக்காது. ஒரே கையின் இரு விசைகளைத்தான் அது எழுத்தாக எடுக்கும். தமிழ்99-இல் உயிர் இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை.

கைகொடுப்பது ஃப்ளோ டேப். 2025-இல், கீபோர்டை இயக்கும் மென்பொருளான கியூஎம்கே-யில் (QMK) சேர்ந்தது. முந்தைய விசை விழுந்து, நீங்கள் வைத்த நேரத்துக்குள் (150 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்) அடுத்தது விழுந்தால் அதை எழுத்தாகவே கொள்ளும். ஆனால் அதன் இயல்பான விசைப் பட்டியலில் அடைப்புக்குறிகளும் ஒற்றை மேற்கோளும் இல்லை. அதனால் 'ச', 'ஞ', 'ய' மூன்றுக்கும் அடுத்து வரும் உயிருக்குப் பாதுகாப்பில்லை; 'சி', 'யு' மட்டும் மறுபடி மறுபடி சொதப்பும். எந்தெந்த விசைக்கு ஃப்ளோ டேப் என்று தீர்மானிக்கும் ஃபங்ஷனைக் கீமேப்பில் (உங்கள் விசை அமைப்புக் கோப்பில்) நீங்களே எழுதி, இந்த மூன்றையும் சேர்த்துவிடுங்கள்.

சற்று நிறுத்தி யோசித்துவிட்டு அடிக்கும் முதல் எழுத்தை ஃப்ளோ டேப்பும் காக்காது. 'அ' இருக்கும் ஏ (A) விசையில் விண்டோஸ் விசையும் இருந்தால், 'அது' என்று தொடங்கும்போது ஏ சற்று நீண்டு அழுந்தினால் போதும்: விண்டோஸும் 'த' இருக்கும் எல்லும் (L) சேர்ந்து திரை பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் விசைக்கு ஏற்கெனவே கட்டைவிரலில் இடம் உண்டு, ஏ-யை வெறும் எழுத்தாக விடுங்கள். கிரந்த எழுத்துக்கு ஷிஃப்ட் வேண்டும்; 'ராஜா' போல நடுவில் அது வந்தால், இசட்-க்கு இடப்புறம் உள்ள தனி ஷிஃப்ட்டையே பிடியுங்கள். ஹோம் ரோ ஷிஃப்ட் அந்த வேகத்தில் எழுத்தாகத்தான் விழும்.